அடிபட்ட தெருநாய்க்கு யார் பொறுப்பு: மதுரைப் புறநகர்த் தெரு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையின் வடக்கே, வயல்கள் மனைகளாகிப் பாதிக்கு மேல் இன்னும் காலியாகவே கிடக்கும் ஒரு புறநகர்த் தெருவில், 2025 அக்டோபர் முதல் 2026 ஜனவரி வரை நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு எழுதப்படும் இப்பதிவில் பெயர்களும் தெருவை அடையாளம் காட்டும் விவரங்களும் விடப்பட்டுள்ளன. எழுதுபவர் அத்தெருவில் குடியிருப்பவர். குடியிருப்போர் சங்கத்தின் வரவுசெலவைப் பார்த்துவருபவர் என்பதால் மருத்துவமனைச் சீட்டுகளும் செலவுச் சீட்டுகளும் அவர் கைவசம் இருந்தன.

தெருவில் ஐந்தாறு நாய்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ இரண்டு வயதுடைய செவலை நிறப் பெட்டை, மற்றவற்றைப் போலத் தெருவிலேயே பிறந்ததன்று. வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பம் அதைக் குட்டியாக வாங்கி வளர்த்தது. 2024-இன் நடுவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, கழுத்தில் நைலான் பட்டையோடு அதை அப்படியே விட்டுச் சென்றது. புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்ட விரட்ட, அது பல வாரங்கள் அந்த வீட்டு வாசலிலேயே வந்து படுத்துக் கிடந்தது. பிறகு தெருமுனை டீக்கடைக்கும், இரவில் தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்துக்கும் இடம் மாறிக்கொண்டது. டீக்கடைக்காரர் பன் போடுவார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாலையில் தயிர்ச்சோறு வைப்பார். பட்டை கழுத்தை இறுக்கத் தொடங்கியபோது அதை வெட்டி எடுத்தவரும் அந்த ஆசிரியைதான். எனினும் அது தங்கள் நாய் என்று இருவருமே சொல்லிக்கொண்டதில்லை. அதற்குக் கருத்தடையோ வெறிநோய்த் தடுப்பூசியோ போடப்பட்டதற்கான அடையாளமும் இல்லை. மாநகராட்சியின் கருத்தடைத் திட்டத்தில் அறுவை செய்யப்படும் நாய்களுக்குக் காதில் இடப்படும் வெட்டு அதன் காதுகளில் இல்லை.

முதல் சில மணி நேரம்

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒரு விடியற்காலை, வேகமாகச் சென்ற சரக்கு வாகனம் ஒன்று பள்ளிக்கு அருகில் அந்த நாயை அடித்துவிட்டு நிற்காமல் சென்றது. இடுப்புக்குக் கீழே எழ முடியாமல், முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு, அது சாக்கடையோரம் நின்ற ஒரு காரின் அடியில் போய் ஒடுங்கியது. கடை திறக்க வந்த டீக்கடைக்காரர் ஆறு மணிக்கு அதைப் பார்த்தார். ஏழு மணிக்குள் அதன் படம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது.

அதன் பிறகு நண்பகல் வரை நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பது அவசியம். குழுவில் கைகூப்பிய படங்களும் ‘ஐயோ பாவம்’ என்ற வரிகளும் நிறைந்தன. மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே தன்னார்வ அமைப்பை அழைத்தார்கள். ஒருவர் 1962 என்ற எண்ணை அழைத்தார். அது முதன்மையாக ஆடுமாடு வளர்ப்போரின் இருப்பிடத்துக்கே சென்று சிகிச்சையளிக்கும் நடமாடும் ஊர்திகளுக்கான எண். இன்னொருவர் வார்டு உறுப்பினருக்குப் படத்தை அனுப்பினார். தன்னார்வ அமைப்பினர், தங்கள் வண்டி நகரின் மறுகோடியில் இருப்பதாகவும், நாயை நேரே மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியுமானால் அங்கே உதவுவதாகவும் சொன்னார்கள். அழைத்த மூவருமே இதை மறுப்பாக எடுத்துக்கொண்டு, ‘வர மாட்டார்களாம்’ என்று குழுவில் எழுதினார்கள். அன்று காலை கிடைத்த பதில்களிலேயே பயனுள்ளது அதுதான். கொண்டுவர வேண்டியவர் தாமாக இருக்கலாம் என்ற எண்ணம் அழைத்தவர்களுக்கு எழாததால் அது வீணாயிற்று. தகவல் சொல்லியாயிற்று என்ற நிறைவோடு ஒவ்வொருவரும் அலுவலகத்துக்கும் வேறு வேலைகளுக்கும் கிளம்பிப்போனார்கள். எழுதுபவரின் கணிப்பில் இந்த நிகழ்வின் மையச் சிக்கல் இதுவே: தெருவில் இரக்கத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை, ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு கடமை முடிந்தது என்ற நினைப்பு அந்த இரக்கத்தை நண்பகல் வரை முடக்கி வைத்தது.

இடையில் சில உதவிகள் நடக்காமலும் இல்லை. அவற்றுள் இரண்டு கெடுதல் விளைவிக்கக்கூடியவை. ஒருவர் பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தார். இன்னொருவர் நாயின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற முயன்றார். நல்வாய்ப்பாக நாய் பாலைத் தொடவில்லை, வாயையும் திறக்கவிடவில்லை. மனிதர்களுக்கான வலிநிவாரணிகளை நாய்க்குக் கொடுக்கலாகாது என்பதையும், குறிப்பாக இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும் என்பதையும், விழுங்கும் நிலையில் இல்லாத விலங்குக்கு வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் போகும் என்பதையும் மருத்துவர் பின்னர் விளக்கினார். பத்து மணிக்கு மேல் தூறலும் அதைத் தொடர்ந்து ஈக்களும் வந்தன. தொடையில் தோல் உரிந்திருந்த இடத்தில் வெண்மையான ஈ முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்ததை ஆசிரியைதான் முதலில் கவனித்தார். மழைக்காலத்தில் இம்முட்டைகள் ஒரு நாளுக்குள் பொரித்துப் புழுக்களாகிவிடும். சிறு சிராய்ப்பும் புழுப்புண்ணாகிச் சதையைக் குடைவது அப்படித்தான்.

தூக்கிச் சென்றதும் கடித்ததும்

பள்ளிச் சவாரிகளை முடித்துக்கொண்டு பன்னிரண்டு மணியளவில் வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், கூடியிருந்தவர்களிடம், ‘போன் எல்லாம் போட்டாச்சு சரி, தூக்குறது யாரு?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் காரியம் நகர்ந்தது. விடுமுறையில் வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி உடன் வர முன்வந்தார். கிழித்துப் போட்டிருந்த பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை நான்காக மடித்துத் தூக்குப் படுக்கையாக்கினார்கள். இது நல்ல முடிவு. இடுப்பும் முதுகும் அடிபட்ட விலங்கைக் கைகளில் அள்ளித் தூக்கினால் முறிந்த எலும்பு மேலும் விலகும்; தட்டையான பரப்பின் மேல் இழுத்து, நான்கு மூலைகளையும் பிடித்து மட்டமாகத் தூக்குவதே முறை.

வாய்க்கட்டு போடாமலேயே நாயை இழுக்கத் தொடங்கியதுதான் விபரீதமாயிற்று. ஓட்டுநர் வெறுங்கையை இடுப்புக்கு அடியில் கொடுத்தபோது நாய் சட்டெனத் திரும்பி அவருடைய இடது முன்கையைக் கடித்தது. இரண்டு இடங்களில் பல் இறங்கி இரத்தம் வந்தது. தினமும் பன் வாங்கித் தின்ற நாய் கடிக்காது என்று கடைக்காரர் அதற்குச் சற்று முன்புதான் உறுதி சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கடும் வலியில் இருக்கும் எந்த நாயும் தொடுபவரைக் கடிக்கும், வளர்த்தவரையும் கடிக்கும்.

அடுத்த சில நிமிடங்களில் எடுக்கப்பட்ட முடிவுகள் சரியாக அமைந்ததற்கு ஆசிரியையே காரணம். ஒருவர் சுண்ணாம்பும் இன்னொருவர் காபித்தூளும் கொண்டுவந்தார்கள். ஆசிரியை இரண்டையும் விலக்கிவிட்டு, ஓட்டுநரைக் குழாயடியில் உட்காரவைத்து, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கடிவாயைக் கழுவவைத்தார். வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பை எட்டுவதற்கு முன் அதை வெளியேற்ற இதைவிட எளிய வழி இல்லை. ‘முதல்ல நாயக் கொண்டுபோவோம் டீச்சர், நான் சாயங்காலம் ஊசி போட்டுக்கிறேன்’ என்று ஓட்டுநர் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. அவ்விடத்திலேயே வேலை பிரிக்கப்பட்டது. ஓட்டுநரை ஆசிரியையின் மகன் இருசக்கர வாகனத்தில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாயை மாணவியும் கடைக்காரரின் தம்பியும் வேறோர் ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். மாணவி தம் துப்பட்டாவால் நாயின் வாயைச் சுற்றிக் கட்டி, முனைகளைக் காதுகளுக்குப் பின்னால் முடிச்சிட்டார். மூச்சுத் திணறலோ வாந்தியோ உள்ள நாய்க்கு இவ்வாறு கட்டக்கூடாது. இங்கே அவை இல்லை.

தோல் கிழிந்து இரத்தம் வந்த கடி மூன்றாம் வகைக் கடியாகக் கருதப்படும். எனவே ஓட்டுநருக்குத் தடுப்பூசியோடு, கடிவாயிலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலினும் செலுத்தப்பட்டது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உருவாக்கச் சில நாள்கள் ஆகும். அந்த இடைவெளியில் பாதுகாப்பளிப்பது இந்த மருந்தே. தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்றும் அதிலிருந்து 3, 7, 28 ஆம் நாள்களிலும் ஊசி என்று சீட்டில் எழுதித் தந்தார்கள். கடிவாய்க்குத் தையல் போடவில்லை. ஊசிக்குக் கட்டணம் ஏதும் இல்லை, ஆனால் ஓட்டுநர் அன்றைய பிற்பகல் வருமானத்தை இழந்தார். பின்னர் சங்கம் அதை ஈடுசெய்தது. உதவி செய்பவருக்கு நேரும் இழப்பைப் பெருந்தன்மை என்று சொல்லி அவர் தலையிலேயே விட்டுவிடுவது பரவலாக உள்ள வழக்கம். அப்படி விடும் தெருவில் அடுத்த முறை கைகொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

மருத்துவமனையில்

பதிவுச் சீட்டில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. மாணவி அதை நிரப்பாமல் தயங்கினார். பெயர் எழுதினால் செலவு, சட்டப் பொறுப்பு, நாளை நாய் யாரையேனும் கடித்தால் வரும் வழக்கு எல்லாம் அப்பெயருக்கே வந்து சேரும் என்று உடன் வந்தவர் பயமுறுத்தியிருந்தார். மாணவி கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை: ‘என் பேரையே போடு தாயி, நாந்தான அதுக்குப் பன்னு போடுறேன்.’ கொண்டுவந்தவர் என்ற முறையில் யார் பெயரை எழுதினாலும் போதும், அதனால் நாய் அவருடைய உடைமையாகிவிடாது என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். ஆயினும் அந்தப் பெயர் பதிந்த பிறகு முடிவெடுக்க ஓர் ஆள் இருந்தார். அடுத்த மூன்று மாதங்களில் எழுந்த ஒவ்வொரு கேள்விக்கும் மருத்துவமனையினர் அழைத்தது அவரையே.

பரிசோதனையில் ஈறுகள் வெளிறியிருந்தாலும் உள்ளே பெருமளவு இரத்தக்கசிவு தென்படவில்லை. வயிற்று ஸ்கேனில் சிறுநீர்ப்பை கிழியவில்லை என்பதும் கருப்பம் இல்லை என்பதும் தெரிந்தன. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. முதுகெலும்பும் தொடை பொருந்தும் கிண்ணமும் தப்பியிருந்தன. அதன் பிறகு மருத்துவர் செய்த சோதனையே முடிவைத் தீர்மானித்தது. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தி, நாய் காலை இழுத்துக்கொள்கிறதா என்பதோடு நிற்காமல், தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்றும் கவனித்தார். காலை இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். தலையைத் திருப்பினால்தான் வலி மூளையை எட்டுகிறது என்று பொருள். இரு கால்களிலும் நாய் திரும்பி முனகியது.

கருணைக்கொலை பற்றிய கேள்வி

அன்று மாலை தெருவில் இரு கருத்துகள் எழுந்தன. நடக்க முடியாத நாயைத் தெருவில் விட்டு வதைப்பதைவிட ஊசி போட்டுவிடுவதே இரக்கம் என்று இருவர் வாதிட்டார்கள். அவர்கள் நோக்கத்தில் குறை காண முடியாது. முதுகெலும்பு முறிந்து ஆழ்வலி உணர்வும் அற்றுப்போன தெருநாய்க்கு அதுவே தகுந்த முடிவாக இருந்திருக்கும் என்று மருத்துவரும் சொன்னார். 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் தீராத நோயுற்ற, பிழைக்க இயலாத அளவு காயமுற்ற நாய்களை, உள்ளூர்க் கண்காணிப்புக் குழு நியமிக்கும் அணியினர் உறுதி செய்த பின், வலியற்ற முறையில் இறக்கச் செய்ய இடமளிக்கின்றன. இந்த நாய் அந்த வரையறைக்குள் வரவில்லை. இடுப்பெலும்பைச் சுற்றிலும் தடித்த தசைகள் இருப்பதால், தொடைக்கிண்ணம் பாதிக்கப்படாத முறிவுகள் பல, நகரவிடாமல் வைத்திருந்தாலே கூடிவிடும். தகடு பொருத்தும் அறுவைக்குத் தேவையும் இல்லை, வசதியும் இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. கடித்த நாய் 10 நாள்கள் உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அக்காலம் முடியும் வரை நாயைக் கண்காணிப்பது ஓட்டுநரின் மன அமைதிக்கும் தேவைப்பட்டது. நாய் நலமாக இருந்தது என்பதற்காக அவர் ஊசியை நிறுத்திவிடவில்லை. மருத்துவர் சொன்னபடி முழுமையாகப் போட்டுக்கொண்டார்.

முடிவு மருத்துவரின் கருத்தைக் கேட்டுக் கடைக்காரரால் எடுக்கப்பட்டது. குழுவில் வாக்கெடுப்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதை அவர் ஏற்காதது நன்று.

ஆறு வாரங்கள்

ஆசிரியையின் வீட்டுக் கார் கொட்டகையில், பூட்டிக் கிடந்த ஒரு மளிகைக்கடையின் கம்பி வலைக் கூண்டு வைக்கப்பட்டது. திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும், நடக்க இடம் இருக்கக்கூடாது என்பதே அளவு. அடியில் ரப்பர் விரிப்பும் அதன் மேல் சாக்கும் போடப்பட்டன. பழைய செய்தித்தாள்கள் வீடுவீடாக வந்து சேர்ந்தன. தெருவில் பெரும்பாலோர் செய்த உதவி இதுவே, இதுவும் தேவைப்பட்டது.

முதல் இரண்டு நாள்கள் நாய் தானாகச் சிறுநீர் கழிக்கவில்லை. அடிவயிற்றை இரு கைகளாலும் மெல்ல அழுத்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யும் முறையை மருத்துவர் மாணவிக்குக் கற்றுக்கொடுத்தார். தேங்கினால் தொற்று, நனைந்த சாக்கிலேயே கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது. இடுப்புப் பாதை வீங்கி ஒடுங்கியிருந்ததால் மலச்சிக்கல் வரக்கூடும் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அதற்காகச் சோற்றோடு வேகவைத்த பூசணிக்காயும், எழுதித் தந்த லாக்டுலோஸ் மருந்தும் கொடுக்கப்பட்டன. வலிநிவாரணி மருத்துவர் குறித்த சில நாள்களுக்கு மட்டும், உணவுக்குப் பின், எடைக்கேற்ற அளவில் தரப்பட்டது. தொடைப் புண்ணை மாணவி நாள்தோறும் கழுவினார். ஈ முட்டைகள் முதல் நாளே மழித்து அகற்றப்பட்டதால் புழு வைக்கவில்லை.

மருத்துவர் ஒரு நிபந்தனையில் உறுதியாக இருந்தார்: நாயைத் தொடுபவர்கள் குறைவாக இருக்க வேண்டும், அவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் ஊசி, 7 ஆம் நாள், பின்னர் 21 அல்லது 28 ஆம் நாள் என்ற முறையில் ஆசிரியையும் மாணவியும் அதைப் போட்டுக்கொண்டார்கள். நாய்க்கான தடுப்பூசியோ கண்காணிப்புக் காலம் முடிந்த பின்னரே போடப்பட்டது. ஊசியால் வரும் காய்ச்சலையும் சோர்வையும் நோய்க்குறியோடு குழப்பிக்கொள்ள நேரும் என்பதே தாமதத்துக்குக் காரணம்.

யார் எந்த வேளை என்ற முறைப்பட்டியல் ஒரு நோட்டில் எழுதப்பட்டுக் கொட்டகையில் தொங்கியது. அக்டோபர் 20, தீபாவளியன்று அது குலைந்தது. பட்டியலில் இருந்தவர்களில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மாற்று ஆள் யார் என்று முன்னதாக யாரும் எழுதவில்லை. முந்தைய இரவிலிருந்தே வெடிச்சத்தம் தாங்காமல் நாய் கூண்டுக் கம்பிகளில் மோதிக்கொண்டது. எழுபதை நெருங்கும் ஆசிரியை அன்றிரவு தனியாகக் கூண்டைப் போர்வைகளால் மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அதன் பின் முதுகுவலி வந்து ஒரு வாரம் குனிய முடியவில்லை. அன்புள்ள ஒருவர் கிடைத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பங்கை ஓசையின்றி அவரிடம் தள்ளிவிடும் போக்கு எந்தப் பொதுக்காரியத்திலும் உண்டு. இங்கேயும் அது நடந்தது.

எதிர்ப்பு

பள்ளிக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவரின் குழந்தையை முந்தைய ஆண்டு வேறொரு தெருநாய் கடித்திருந்தது. ஆள் கடித்த நாயைச் சோறு போட்டு வளர்க்கிறீர்களா என்று அவர் ஆசிரியையின் வீட்டு வாசலில் நின்று கேட்டார். சிலர் அவரை இரக்கமற்றவர் என்று பேசினார்கள். எழுதுபவர் அக்கருத்தை ஏற்கவில்லை. ஊசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்த தந்தையின் அச்சத்துக்கு முழு நியாயம் உண்டு. நாய்க்கு உதவுவோர் அந்த அச்சத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நவம்பர் தொடக்கத்தில் கூடிப் பேசினார்கள். மூன்று கோரிக்கைகளை அவர் வைத்தார்: தடுப்பூசி போட்டதற்கான சான்று, கருத்தடை, வீட்டு வாசல்களிலும் பள்ளியருகிலும் சோறு வைக்காதிருத்தல். மூன்றுமே சட்டத்தோடு ஒத்தவை. 2023 விதிகளின்படி உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடங்களிலிருந்தும் நுழைவாயில்களிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். நேரமும் அதற்கேற்ப வரையறுக்கப்பட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும், கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களை, வெறிநோய் உள்ளவை அல்லது மூர்க்கமானவை நீங்கலாக, பிடித்த பகுதியிலேயே விட வேண்டும் என்றும், தெருக்களில் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும் இட வேண்டும் என்றும் உத்தரவிட்டிருந்தது. வலியில் கடித்த நாயை மூர்க்கமானது என்று கொள்ளலாமா என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. அதற்கு முன்னோ பின்னோ யாரையும் அது கடித்ததில்லை என்பதைக் கணக்கில் கொண்டு, அப்படிக் கொள்ள வேண்டியதில்லை என்று மருத்துவர் எழுதித் தந்தார்.

விட்டுச்சென்றவர்கள்

வீட்டு உரிமையாளரிடமிருந்து எண்ணைப் பெற்று, நாயை வளர்த்த குடும்பத்தோடு கடைக்காரர் பேசினார். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்றதால் விட்டுப்போனதாகவும், கடைப்பக்கம் கிடந்து பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். பசியாலோ தாகத்தாலோ வதைபடக்கூடிய சூழலில் விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. ஓராண்டுக்கு மேல் கழிந்த நிலையில், இருந்த சிலரின் உழைப்பைப் புகாரில் செலவிடுவதைவிட நாயின் பராமரிப்பில் செலவிடுவது என முடிவாயிற்று. சிகிச்சைச் செலவில் ஒரு பங்கு கேட்கப்பட்டது. தருவதாகச் சொன்னார்கள், இதுவரை தரவில்லை.

திருப்பி விட்டது

நவம்பர் இறுதியில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருந்தது. நாய் இடது பின்னங்காலைச் சற்று இழுத்து நடந்தது. ஓட முடிந்தது, பழைய வேகம் இல்லை. இடுப்பெலும்பு கோணலாகக் கூடியதால் பிறப்புப் பாதை குறுகியிருந்தது. இனி சினைப்பட்டால் குட்டி வெளிவர முடியாமல் தாயும் இறக்க நேரிடும் என்பதால், கருத்தடை இந்த நாய்க்கு, நாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு என்பதைத் தாண்டி உயிர்காக்கும் சிகிச்சையாகவும் ஆயிற்று. டிசம்பரில் அறுவை நடந்தது. காதில் வெட்டு இடப்பட்டது.

வீடு தேடும் முயற்சி பலிக்கவில்லை. ஆசிரியைக்கு வயதாகிவிட்டது, மாணவி விடுதியில் இருப்பவர். எனவே தெருவில் விடுவதே வழி. எங்கே விடுவது என்பதில்தான் சிக்கல். நாய் இரவில் படுத்துவந்த இடம் பள்ளித் தாழ்வாரம். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் தெருநாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டிருந்தது. இந்த நாய் பள்ளிக்குள் பிடிக்கப்பட்டதன்று. ஆனால் மீண்டும் அங்கே போய்ப் படுத்தால் பிடிபட்டு, எலும்பு கூடிய நிலையில் காப்பகத்து நெரிசலில் போய்ச் சேரும். பள்ளி நிர்வாகம் இதற்கிடையே சுற்றுச்சுவரின் உடைப்பை அடைத்துவிட்டது. டீக்கடைக்கு எதிரே உள்ள காலிமனையில், மனைக்காரரின் எழுத்துப்பூர்வமான இசைவோடு, தகரக்கூரை போட்ட சிறு மறைப்பு அமைத்து, பள்ளி விட்டு ஒரு மணி நேரம் கழித்து அங்கே மட்டும் உணவு வைக்கத் தொடங்கினார்கள். நாய் அங்கே பழகச் சில வாரங்கள் பிடித்தன.

விளைவுகள்

ஓட்டுநர் நலமாக இருக்கிறார். நாய் 2026 ஜனவரி முடிய யாரையும் கடிக்கவில்லை. மொத்தச் செலவு பன்னிரண்டாயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியது; அதில் சிகிச்சையைவிடப் போக்குவரத்துக்கும், இருவருக்குத் தனியாரிடம் போட்ட முன்தடுப்பூசிக்கும் ஆனதே அதிகம். பள்ளியருகில் குடியிருப்பவர் மற்ற நாய்களுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யக் கோரி மாநகராட்சிக்கு எழுதிய மனுவில் கையெழுத்திட்டார். எனினும் இந்த நாய் தெருவில் இருப்பது தமக்கு இன்றும் உடன்பாடில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. மனுவின் பேரில் இரண்டு நாய்கள் பிடித்துச் செல்லப்பட்டு அறுவைக்குப் பின் திரும்ப விடப்பட்டன. எஞ்சியவை இன்னும் பிடிபடவில்லை.

டிசம்பர் கடைசியில் காதில் புழுப்புண்ணோடு ஒரு குட்டி வந்தபோது, அது ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருந்தது. ஜனவரியில் நெடுஞ்சாலையில் அடிபட்ட ஓர் ஆண் நாய் வழியிலேயே இறந்தது.

மாற்றிக்கொண்டவையும் மாற்ற வேண்டியவையும்

டீக்கடையில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. தடித்த தோல் கையுறை, மடித்த பிளெக்ஸ் தாள், வாய்க்கட்டுக்கான அகலத் துணிச்சுருள், சோப்பு, மருத்துவமனை நேரங்களும் எண்களும் எழுதிய அட்டை ஆகியவை அதில் உள்ளன. குழுவில் படம் போடுபவர் அதோடு ‘நான் அங்கே நிற்கிறேன்’ அல்லது ‘ஆள் வேண்டும்’ என்று எழுத வேண்டும் என்ற வழக்கமும் வந்துள்ளது. அழைப்பதற்கு ஒரே ஒருவர் பொறுப்பேற்கிறார். மற்றவர்கள் அதே எண்ணை அழைப்பதில்லை. வாய்க்கட்டுப் போடாமல் யாரும் தொடக்கூடாது. வண்டிக்கும் ஆளுக்கும் ஆகும் செலவைச் சங்கம் அன்றே தரும், வசூல் பிறகு.

முறைப்பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மாற்று ஆள் பெயரும் இருக்க வேண்டும் என்பது தீபாவளி இரவு தந்த திருத்தம். முன்தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் இன்னும் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் படிப்பு முடிந்து வேறூர் போகவிருக்கிறார். குறைந்தது நால்வராவது போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு கூட்டங்களில் பேசியாயிற்று, பெயர் கொடுத்தவர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தான். முழு ஊசியும் போட்டுக்கொண்ட அவருக்கு இனி கடி நேர்ந்தால் இரண்டு ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது என்பதால், புதிதாகத் தொடங்க வேண்டியவர்கள் பிறரே.

நாய்க்கு அடுத்த வெறிநோய்த் தடுப்பூசி 2026 அக்டோபர் கடைசி வாரத்தில் போட வேண்டும். தேதி கடையின் நாள்காட்டியிலும் சங்கத்தின் நோட்டிலும் குறிக்கப்பட்டுள்ளது. பிடித்துக்கொள்ள இருவரும் வண்டிக்கு ஒருவரும் தேவை. கடைக்காரர் தம் பெயரை எழுதிவிட்டார், மற்ற இரண்டு இடங்களும் நிரப்பப்படவில்லை.